முழங்கால் வலிக்கு ஊசியும் மின்னோட்டமும்

பொழுது புலர்வதற்கு முன்பே கம்பம், போடி ஆகிய ஊர்களிலிருந்து ஜீப்புகள் மலையேறத் தொடங்கிவிடுகின்றன. குமுளி, கம்பமெட்டு, போடிமெட்டு ஆகிய வழிகளால் எல்லையைக் கடந்து, இடுக்கி மாவட்டத்து ஏலத் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளரைக் கொண்டு சேர்க்கின்றன. அந்தி சாயும் வேளையில் அவர்களைத் திரும்பக் கொணர்கின்றன. மூணாறு, தேவிகுளம், பீருமேடு ஆகிய பகுதிகளிலோ, தலைமுறை தலைமுறையாகத் தேயிலைத் தோட்ட லயங்களிலேயே வாழ்ந்துவரும் தமிழ்க் குடும்பங்கள் பல. வடக்கே, பாலக்காடு மாவட்டத்துச் சிற்றூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம், கோவிந்தாபுரம் முதலிய ஊர்களில் வயலையும் தென்னந்தோப்பையும் நம்பி வாழும் தமிழர் பலர் இருக்கின்றனர். 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் கேரள மாநிலம் அமைந்தபோது, இவ்விரு பகுதிகளும் அதனுள் அடங்கின. அன்று முதல், தாம் பிறந்த மண்ணிலேயே பிற மாநிலத் தமிழராக இம்மக்கள் வாழ்ந்துவருகின்றனர்.

மலையில் வேலை என்றால், அது பெரும்பாலும் காலின் வேலையே. கொழுந்து பறிப்பவர் சரிவில் நிலையூன்றி நிற்க வேண்டும். நிறைந்த சாக்கைச் சுமந்து எடை போடும் இடத்துக்கு இறங்க வேண்டும். ஏலச் செடியோ, காயைக் கைக்கெட்டும் உயரத்தில் தாங்குவதில்லை. அதன் அடித்தூரிலிருந்து தரையோடு படரும் சரங்களிலேதான் காய் பிடிக்கிறது. ஆகவே, காய் எடுப்பவர் நாள் முழுதும் குந்தியும் குனிந்தும் எழுந்தும் உழைக்க வேண்டியிருக்கிறது. இவர்களுள் ஐம்பது வயதைக் கடந்தவர் பலருக்கு முழங்கால் வலி இருப்பதில் வியப்பில்லை. முழங்கால் ஒத்துழையாத நாளில் கூலியும் இல்லை.

இத்தகையோருக்கு அண்மைக் காலத்தில் ஒரு புதிய ஐயம் எழுந்துள்ளது. ‘ஊசி குத்தி வலியைப் போக்குகிறார்களாம், கரண்ட் வைத்தும் போக்குகிறார்களாம், இரண்டையும் சேர்த்துச் செய்தால் இன்னும் நல்லதாம். செய்துகொள்ளலாமா?’ என்பதே அது. மும்பையிலோ பெங்களூரிலோ பணிபுரியும் மகன், மலையிலிருக்கும் தாயாருக்காகப் பணம் அனுப்புமுன் இதே வினாவைக் கேட்கிறான். பத்து அமர்வுகள் என்றால் பத்து நாட் கூலியும், பத்து முறை பேருந்துச் செலவும், சிகிச்சைக் கட்டணமும் ஆகும். அவ்வளவும் பயன் தருமா என்று அறிந்துகொள்வது நம் கடமையல்லவா? அதனை இங்கு ஆராய்வோம்.

தேய்வது எது? வலிப்பது எது?

தொடையெலும்பும் கணைக்கால் எலும்பும் சந்திக்குமிடம் முழங்கால். அதன் முன்புறத்தே முழங்காற்சில் காவலிருக்கிறது. எலும்பு முனைகள் ஒன்றோடொன்று உராயாதபடி அவற்றைக் குருத்தெலும்பு போர்த்தியிருக்கிறது. அது பளிங்கினும் வழுவழுப்பானது. மூட்டைச் சூழ்ந்த உறையின் உட்சவ்வு, எண்ணெய் போன்ற ஒரு நீரைச் சுரந்து அசைவை எளிதாக்குகிறது. தொடையின் முன்புறத் தசையோ, ஒவ்வோர் அடியின் அதிர்ச்சியையும் தான் தாங்கிக்கொண்டு மூட்டைக் காக்கிறது.

முதுமை, மிகுந்த உடல் எடை, பழைய அடி, இடைவிடாது குந்துதலும் சுமத்தலும், பரம்பரை ஆகிய காரணங்களால் குருத்தெலும்பு மெலிகிறது. எலும்பு விளிம்புகளில் முட்கள் போல் புது எலும்பு வளர்கிறது. உட்சவ்வு அழற்சியுற்று வீங்குகிறது. இதனையே நாம் மூட்டுத் தேய்மானம் என்கிறோம். பெண்களிடத்து இது மிகுதியாகக் காணப்படுகிறது. தேய்மானம் என்ற சொல் வண்டிச் சக்கரத்தை நினைவூட்டுகிறது. ஆயினும் மூட்டு உயிருள்ள பொருள். அது தேய்வதோடு, தன்னைத் தானே பழுதுபார்த்துக்கொள்ளவும் முயல்கிறது. அம்முயற்சி உழைப்பின் சுமைக்கு ஈடுகொடுக்க இயலாதபோதே நோய் வலுக்கிறது.

அச்சுமையின் அளவையும் அறிவியலார் கண்டிருக்கின்றனர். செயற்கை முழங்காலினுள் அளவுமானிகளைப் பொருத்திச் சோதித்தபோது, சமதரையில் நடக்கையில் மூட்டின்மேல் விழும் அழுத்தம் உடல் எடையைப்போல் சுமார் இரண்டரை மடங்கு என்றும், படியிறங்குகையில் சுமார் மூன்றரை மடங்கு என்றும் தெரியவந்தது. இக்கணக்கின்படி, 55 கிலோ எடையுள்ள ஒருவர் 20 கிலோ கொழுந்தைச் சுமந்து இறங்குவாராயின், ஒவ்வோர் அடியிலும் அவருடைய முழங்கால் ஏறத்தாழ 260 கிலோ பாரத்தைத் தாங்குகிறது. ஏறுவதைக் காட்டிலும் இறங்குவதே முழங்காலுக்குத் துன்பம் என்று மலையில் வாழ்வோர் கூறுவது முற்றிலும் உண்மை.

இங்கே ஒரு செய்தியை நாம் மனத்திற்கொள்ள வேண்டும். குருத்தெலும்பில் நரம்பு இல்லை. ஆகவே, தேய்கின்ற பொருள் தானாக வலிப்பதில்லை. அதனைச் சூழ்ந்த சவ்வு, அடியிலுள்ள எலும்பு, மூட்டைக் கட்டும் நார்கள் ஆகியவற்றிலிருந்தே வலிச் செய்தி புறப்படுகிறது. எக்ஸ்ரே படத்தில் மிகுந்த தேய்மானம் காணப்படும் சிலர் வலியின்றி நடமாடுவதும், படத்தில் சிறிதே மாறுதல் உள்ள வேறு சிலர் மிகத் துன்புறுவதும் இதனாலேயே. தேய்மானம் வேறு, வலி வேறு. ஊசியும் மின்னோட்டமும் இவற்றுள் எதனைத் தொடுகின்றன என்று காண்பதே நம் வினாவிற்குத் திறவுகோல்.

வலி செல்லும் வழியும் மின்னோட்டமும்

குழந்தை தடுக்கி விழுந்து முழங்காலில் அடிபட்டுக்கொள்கிறது. ஓடிவரும் தாய் முதலிற் செய்வது என்ன? அடிபட்ட இடத்தைத் தடவிக் கொடுக்கிறாள். குழந்தையின் அழுகையும் தணிகிறது. தடவுதலால் காயம் ஆறவில்லை; ஆயினும் வலி குறைந்தது. இஃது எவ்வாறு?

இதற்கு ஒரு விளக்கத்தை 1965-ஆம் ஆண்டில் கானடா நாட்டு உளவியலறிஞர் ரொனால்டு மெல்சாக், ஆங்கில நரம்பியலறிஞர் பாட்ரிக் வால் ஆகிய இருவரும் வெளியிட்டனர். தொடு உணர்ச்சியைக் கொண்டு செல்லும் நரம்பு இழைகள் பருத்தவை, விரைந்து செல்பவை. வலியைக் கொண்டு செல்பவை மெலிந்தவை, மெல்லச் செல்பவை. இரு வகையும் தண்டுவடத்தை அடையுமிடத்தில் ஒரு வாயில் போன்ற அமைப்பு உண்டு. பருத்த இழைகளின் வழியே தொடு செய்திகள் திரளாக வந்து சேரும்போது, அவ்வாயில் மெலிந்த இழைகளின் வலிச் செய்தியை மேலே விடாமல் ஒடுக்கிவிடுகிறது என்பது அவர்களுடைய கொள்கை. அதன் நுட்பங்கள் சில பிற்காலத்தில் திருத்தப்பட்டிருக்கின்றன. அடிப்படைக் கருத்து இன்றும் நிற்கிறது.

தாயின் கை செய்வதை மின்னோட்டத்தால் செய்ய இயலுமா என்ற எண்ணம் உடனே எழுந்தது. 1967-ஆம் ஆண்டில் வால் என்பாரும் அமெரிக்க மருத்துவர் வில்லியம் ஸ்வீட் என்பாரும், நாட்பட்ட வலியால் வருந்திய சிலருடைய நரம்புகளில் மென்மையான மின் துடிப்பைச் செலுத்தி, வலி தற்காலிகமாக அடங்குவதைக் கண்டனர். பின்னர் தோலின்மேல் ஒட்டும் பட்டைகளைக் கொண்டு, மின்கலத்தால் இயங்கும் சிறு கருவிகள் வந்தன. பிஸியோதெரபி நிலையங்களில் ‘டென்ஸ்’ என்று குறிக்கப்படும் கருவி இதுவே. தோலின் வழியே நரம்பைத் தூண்டுதல் என்பது அதன் பொருள்.

மின்சாரத்தால் வலியை அடக்கும் வழக்கம் மிகப் பழையது என்பதும் சுவையான செய்தி. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமாபுரியில் வாழ்ந்த ஸ்கிரிபோனியஸ் லார்கஸ் என்ற மருத்துவர், கீல்வாத நோயாளியின் பாதத்தின்கீழ் உயிருள்ள மின்திருக்கை மீனை வைத்து, முழங்கால் வரை மரத்துப்போகும்வரை ஈரக் கடற்கரையில் நிற்கச் செய்யுமாறு எழுதியுள்ளார். இன்றைய நோயாளிக்கு மீனும் வேண்டா, கடலும் வேண்டா.

முழங்காலின் இருபுறமும் இரண்டு அல்லது நான்கு பட்டைகளை ஒட்டுகிறார்கள். கருவியைத் திருகும்போது எறும்பு ஊர்வது போன்ற உணர்ச்சி உண்டாகிறது. அது தெளிவாகத் தெரிய வேண்டும். ஆனால் துன்பம் தரலாகாது. இருபது முதல் நாற்பது நிமிடம் வரை வைத்திருப்பது வழக்கம். நொடிக்கு 100 முறை அளவில் துடிக்கும் மின்னோட்டம், மேற்கூறிய வாயிலை அடைக்கும் வகையைச் சேர்ந்தது. நொடிக்கு இரண்டு முதல் நான்கு முறை துடிக்கும் மின்னோட்டம் வேறு ஒரு வழியையும் பயன்படுத்துகிறது. அதனை ஊசியோடு சேர்த்துக் கூறுவதே பொருத்தம்.

ஊசியின் வரலாறு

மெல்லிய ஊசிகளைக் குறிப்பிட்ட இடங்களில் செலுத்தி நோய் தணிக்கும் அக்குபங்சர் முறை சீன நாட்டில் ஈராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வழங்கிவருவது. அது நம் நாட்டுக்கு வந்த கதை ஒரு நட்பின் கதை. 1938-ஆம் ஆண்டில், ஜப்பானியப் படையெடுப்பால் துன்புற்ற சீன மக்களுக்கு உதவ, இந்திய தேசியக் காங்கிரஸ் ஐந்து மருத்துவர்களை அனுப்பியது. அங்கேயே 1942-இல் உயிர்நீத்த டாக்டர் துவாரகநாத் கோட்னிஸ் அவர்களுள் ஒருவர். மற்றொருவர் வங்காளத்து டாக்டர் விஜயகுமார் பாசு. இவர் 1950-களின் இறுதியில் மீண்டும் சீனம் சென்று இம்முறையைக் கற்று, 1959-ஆம் ஆண்டில் கல்கத்தாவில் சிகிச்சையளிக்கத் தொடங்கினார். மேற்கு வங்காள அரசு 1996-இல் இதற்கெனத் தனிச் சட்டமே இயற்றியது. 2019-ஆம் ஆண்டில் மத்திய அரசும் இதனைத் தனித்த ஒரு நலமுறையாக ஏற்றது.

இவ்வூசி மருந்து செலுத்தும் ஊசி அன்று. இதனுள் துளையில்லை, மருந்தும் இல்லை. தலைமயிரைவிடச் சிறிதே பருத்திருக்கும். முழங்காற் சில்லைச் சுற்றிலும், கணைக்காலிலும், தொடையிலும் சில இடங்களில் இதனைச் செலுத்தி இருபது முப்பது நிமிடம் வைத்திருப்பார்கள். சீன மரபு, உடலில் ஓடும் உயிராற்றலின் தடையை ஊசி நீக்குகிறது என்று விளக்கும். இன்றைய உடலியல் வேறு விளக்கம் தருகிறது. 1975-ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டு அபர்டீன் நகரில் ஜான் ஹியூஸ், ஹான்ஸ் காஸ்டர்லிட்ஸ் ஆகிய இருவரும், மூளை தானே உண்டாக்கும் வலியடக்கிப் பொருள்களைக் கண்டறிந்தனர். அபின் செய்யும் வேலையை உடலே சிறு அளவில் செய்துகொள்கிறது என்பது அன்றைய வியப்பு. அதன்பின், பீக்கிங் நகரப் பேராசிரியர் ஹான் ஜிஷெங் என்பார், ஊசியின் வழியே மின் துடிப்பைச் செலுத்தி ஆராய்ந்து, மெதுவான துடிப்பு ஒரு வகை வலியடக்கியையும், விரைவான துடிப்பு வேறொரு வகையையும் சுரக்கச் செய்வதை எடுத்துக் காட்டினார்.

இவ்வாறு, ஊசி ஒரு வழியாகவும் தோலின்மேல் வைக்கும் மின்னோட்டம் ஒரு வழியாகவும் வலிச் செய்தியைத் தடுக்குமாயின், இரண்டையும் சேர்த்தால் பயன் பெருகலாம் அல்லவா? இதுவே இணைப்புச் சிகிச்சையின் அடிப்படை. ஊசியின் பயன் சிலருக்குச் சில நாள் நீடிக்கிறது. மின்னோட்டத்தின் பயன் பெரும்பாலும் அது ஓடும் வேளையிலும், அதற்குப்பின் சிறிது நேரமுமே நிற்கிறது. ஆனால் கருவியை வீட்டிலேயே பயன்படுத்திக்கொள்ளலாம். ஊசியிலேயே மின் கம்பியை இணைக்கும் முறையும் உண்டு. அது மின் அக்குபங்சர் எனப்படும். ஊசி தனியாகவும் பட்டை தனியாகவும் வைக்கும் முறையிலிருந்து அது வேறானது. இரண்டையும் ஒன்றெனக் கொள்ளலாகாது.

சோதனைகள் கூறுவது யாது?

கருத்து அழகாயிருப்பது மட்டும் போதாது. அது நோயாளியிடம் பலிக்க வேண்டும். ஜப்பான் நாட்டுக் கியோட்டோவைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் சிலர், முழங்கால் தேய்மானமுள்ள முதியோர் 32 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்துச் செய்த ஒரு சோதனையை 2008-ஆம் ஆண்டில் வெளியிட்டனர். ஒரு குழுவுக்கு ஊசி மட்டும். ஒரு குழுவுக்கு மின்னோட்டம் மட்டும். ஒரு குழுவுக்கு இரண்டும். நான்காம் குழுவுக்கு மேற்பற்று மட்டும். ஐந்து வாரங்கள் சிகிச்சை நடந்தது. இரண்டையும் பெற்றவரிடத்தில் வலி மிகுதியாகக் குறைந்து, நடமாட்டமும் மேம்பட்டது. நம் வினாவிற்கு நேரான சோதனை இதுவே. ஆயினும் ஒரு குழுவுக்கு எட்டுப் பேரே இருந்தனர்; 24 பேர்தாம் இறுதிவரை நின்றனர். ஆராய்ந்தவர்களே இதனை முன்னோட்டச் சோதனை என்றுதான் குறித்தனர். எட்டுப் பேரைக் கண்டு ஊரெல்லாம் உரைத்துவிட முடியாது.

தனித்தனியே நடந்த பெருஞ்சோதனைகளையும் நோக்குவோம். அமெரிக்காவின் மேரிலாந்தில் 570 பேரிடம் நடந்து 2004-இல் வெளியான சோதனையில், மெய்யான ஊசி பெற்றோர் பொய்யான ஊசி பெற்றோரைவிட ஓரளவு நலம் கண்டனர். பொய்யான ஊசி என்பது, நோயாளிக்கு ஊசி போட்டது போலவே தோன்றச் செய்து ஒப்பிடும் உத்தி. 2006-இல் வெளியான ஜெர்மானியச் சோதனையில் ஆயிரத்துக்கு மேற்பட்டோர் பங்குகொண்டனர். அதில் மெய்யூசிக்கும் பொய்யூசிக்கும் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் அவ்விரண்டும் வழக்கமான சிகிச்சையைவிட மிகுந்த பயன் தந்தன! 2014-இல் ஆஸ்திரேலியாவில் 282 பேரிடம் நடந்த சோதனையில், பொய்யான சிகிச்சையைவிட ஊசி மேம்பட்டதெனக் காணப்படவில்லை. 2021-இல் வெளியான சீனச் சோதனையில் 480 பேர் சேர்ந்தனர். வாரம் மும்முறை, எட்டு வாரம் மின் அக்குபங்சர் செய்துகொண்டோருள் நூற்றுக்கு அறுபது பேர் அளவில் குறிப்பிடத்தக்க நலம் பெற்றனர். பொய்யான ஊசி பெற்றோரிடத்திலும் நூற்றுக்கு நாற்பத்தேழு பேர் அளவில் அந்நலம் இருந்தது.

தோலின்மேல் வைக்கும் மின்னோட்டத்தின் நிலை இதனினும் தளர்ந்தது. சுவிட்சர்லாந்து ஆராய்ச்சியாளர் 220 பேரிடம் நடத்தி 2022-இல் வெளியிட்ட சோதனையில், உண்மையான கருவிக்கும் மின் ஓடாத கருவிக்கும் வேறுபாடு காணப்படவில்லை. அமெரிக்க மூட்டு நோய் வல்லுநர் கழகம் 2019-இல் தந்த நெறிமுறை, முழங்காலுக்கு ஊசியைத் தயக்கத்தோடு ஏற்றுக்கொண்டு, மின்னோட்டத்தை விலக்கியது. பிரிட்டிஷ் அரசின் மருத்துவ நெறிமுறை நிலையம் 2022-இல் இரண்டையுமே விலக்கியது.

இவற்றைக் கண்டு, ‘அப்படியானால் எல்லாம் ஏமாற்று’ என்று சொல்லிவிடலாமா? அது முறையன்று. பொய்யூசி பெற்றவருக்கும் வலி குறைந்தது என்றால், வலி குறைந்தது மெய்தானே? ஒருவர் நம் துன்பத்தைக் காது கொடுத்துக் கேட்பதும், கை வைத்துப் பார்ப்பதும், குறித்த நாளில் ஓய்ந்து படுத்திருப்பதும், நலமடைவோம் என்ற நம்பிக்கையும் வலியின் வாயிலை ஓரளவு அடைக்கவல்லவை. ஊசி அதற்கு மேலும் சிறிது செய்யலாம். ஆனால் சோதனைகள் அனைத்தையும் சேர்த்து நோக்கும்போது ஒன்று தெளிவாகிறது. இவை வலி செல்லும் வழியைச் சில காலம் அமைதிப்படுத்துகின்றன. தேய்ந்த குருத்தெலும்பை மீண்டும் வளர்ப்பதில்லை. ‘பத்து அமர்வில் தேய்மானத்தையே நீக்கிவிடுவோம்’ என்று எவரேனும் கூறுவாராயின், அவரிடம் பணத்தைக் கொடாதிருப்பதே அறிவுடைமை.

கிடைத்த அமைதியை என் செய்வது?

வலி தணிந்த சில நாட்களை நாம் எவ்வாறு பயன்படுத்துகிறோம் என்பதிலேதான் சிகிச்சையின் முழுப் பயனும் அடங்கியிருக்கிறது. வலியால் காலை அசைக்காதிருந்தால் தொடைத் தசை மெலிகிறது. தசை மெலிந்தால் மூட்டின்மேல் அதிர்ச்சி கூடுகிறது. அதனால் வலி மிகுகிறது. இச்சுழலை அறுக்கவல்லது பயிற்சி ஒன்றே. மேற்கூறிய நெறிமுறைகள் ஊசியைப் பற்றி மாறுபட்டபோதும், பயிற்சியைப் பற்றி மாறுபடவில்லை.

‘நாள் முழுதும் மலையேறி இறங்குபவருக்கு இன்னும் பயிற்சி எதற்கு?’ என்று நேயர்கள் கேட்கலாம். வேலை வேறு, பயிற்சி வேறு. வேலையிலே களைத்த கால் பாரத்தோடு ஒரே வகையாக மடங்கி நிமிர்கிறது. பயிற்சியிலோ, மூட்டின்மேல் பாரமில்லாமல் தசை மட்டும் வலுப்பெறுகிறது. நாற்காலியில் அமர்ந்து, ஒரு காலை நேராக நீட்டி, ஐந்து எண்ணும்வரை நிறுத்தி, மெல்லத் தாழ்த்த வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் பத்து முறை, காலையும் மாலையும் செய்யலாம். படுத்துக்கொண்டு காலை மடக்காமல் ஒரு சாண் உயரம் தூக்கி நிறுத்துவதும் நன்று. சற்றுத் தேறியபின், கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து அமர்ந்து பழகலாம். இவற்றுக்கு இடமும் வேண்டா, கருவியும் வேண்டா. லயத்து வாசலே போதும். ஆறு முதல் எட்டு வாரம் விடாது செய்தாலன்றிப் பயன் தெரியாது.

உடல் எடை மிகுந்தோர் அதனைக் குறைப்பது நலம். ஒரு கிலோ எடை குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் பாரம் நான்கு கிலோ குறைகிறது என்று 2005-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆராய்ச்சி காட்டியது. ஊன்றுகோலை வலிக்கும் காலுக்கு எதிர்ப்புறக் கையில் பிடிக்க வேண்டும். படியில் ஏறும்போது நல்ல காலை முதலில் வைக்க வேண்டும். இறங்கும்போது நொந்த காலை முதலில் வைக்க வேண்டும். சுமையை ஒரே நடையாகக் கொணராமல் இரு நடையாகக் கொணரலாம். குந்தி அமர்வதற்குப் பதிலாக ஒரு சிறு முக்காலியை உடன்கொண்டு செல்லலாம். இவையெல்லாம் எளியவை, எளியவை என்பதாலேயே புறக்கணிக்கப்படுபவை.

எச்சரிக்கை

ஊசிச் சிகிச்சை செய்துகொள்ள விழைவோர், ஒவ்வொருவருக்கும் புதிய, உறை பிரிக்காத ஊசி பயன்படுத்தப்படுகிறதா என்று கண்ணாற் காண வேண்டும். ஒருவருக்கு இட்ட ஊசியை மற்றவருக்கு இடுவது மஞ்சட்காமாலை போன்ற நோய்களுக்கு வழிவகுக்கும். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போர் அதனை முன்கூட்டியே சொல்ல வேண்டும். இதயத்தில் பேஸ்மேக்கர் பொருத்தியோர், தம் இதய மருத்துவர் இசைவின்றி மின்னோட்டத்தை அணுகலாகாது. கருவுற்ற தாய்மாரும் மருத்துவரைக் கேளாமல் இவற்றை ஏற்கலாகாது. நீரிழிவினால் கால் மரத்திருப்போருக்கு மின்னோட்டத்தின் கடுமை தெரியாது, தோல் வெந்துபோகக்கூடும். புண்ணின்மேலும் பட்டையை ஒட்டலாகாது.

திடீரென முழங்கால் சிவந்து, சூடேறி, வீங்கி, காய்ச்சலும் கண்டால் அது வெறும் தேய்மானம் அன்று. மூட்டுக்குள் கிருமி புகுந்திருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். விழுந்தபின் கால் ஊன்ற முடியாமற் போனாலும், மூட்டு மடங்கிய நிலையில் பூட்டிக்கொண்டாலும், கெண்டைக்கால் வீங்கி வலித்தாலும் அவ்வாறே. நீரிழிவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கான மருந்துகளை, ஊசி வைத்தியத்தை நம்பி ஒருபோதும் நிறுத்தலாகாது. வலி மாத்திரையைக் கடையில் தாமே வாங்கி மாதக்கணக்கில் உண்பதும் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

எல்லையில் வாழ்வோருக்கு மற்றொரு இடர்ப்பாடும் உண்டு. மருத்துவர் மலையாளத்தில் கேட்பார். நாம் தமிழில் விடை கூறுவோம். இரு மொழிகளும் உடன்பிறந்தவை என்பதாலேயே மயக்கம் நேர்வதுண்டு. மலையாளத்தில் ‘முட்டு’ என்றால் முழங்கால். நாம் ‘மூட்டு’ என்பது எந்த மூட்டையும் குறிக்கும். அவர்கள் ‘நீரு’ என்பது வீக்கத்தை. ‘கடச்சில்’ என்பது நாம் கூறும் குடைச்சல். ‘தரிப்பு’, ‘மரவிப்பு’ ஆகியவை மதமதப்பையும் மரத்துப்போதலையும் சுட்டும். மின்னோட்டம் வைக்கும் முன் மருத்துவர் இவ்விரு சொற்களைக் கொண்டு வினவினால், புரியாமல் தலையசைத்துவிடலாகாது. ‘தேய்மானம்’ என்ற சொல்லோ இரு மொழிக்கும் பொதுவானது. ஐயமிருப்பின், வலிக்கும் இடத்தை விரலால் தொட்டுக் காட்டி, எப்போது வலிக்கிறது என்று கூறினாலே போதும்.

முடிவாக, நம் வினாவிற்குத் திரும்புவோம். ஊசியும் மின்னோட்டமும் சேர்ந்த சிகிச்சையைச் செய்துகொள்ளலாமா? தகுதி பெற்றவரிடம், தூய்மையான முறையில், கடன் வாங்காமல் கொடுக்கக்கூடிய கட்டணத்தில் கிடைக்குமாயின், நான்கைந்து வாரம் முயன்று பார்ப்பதில் பெருந்தீங்கில்லை. எத்தனை அமர்வு, எவ்வளவு செலவு என்பதைத் தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்ள வேண்டும். அந்நாட்களில் தொடைத் தசைப் பயிற்சியைத் தொடங்கிவிட வேண்டும். ஐந்து வாரத்தில் நடையும் உறக்கமும் தேறவில்லையானால், அத்துடன் நிறுத்திவிட வேண்டும். கிடைக்காத ஊரில் இருப்போர் அதற்காக வருந்த வேண்டுவதில்லை. சிகிச்சையின் சிறந்த பகுதி அவர்களுடைய சொந்தக் காலிலேயே இருக்கிறது.

தொலைவிலிருந்து பணம் அனுப்பும் பிள்ளைகளுக்கும் ஒரு சொல். அடுத்த முறை வீட்டுக்குப் பேசும்போது, ‘ஊசி போட்டாயா, அம்மா?’ என்று கேட்பதோடு நிறுத்தாமல், ‘இன்று காலை எத்தனை முறை நீட்டி மடக்கினாய்?’ என்றும் கேளுங்கள்.